ராத்துவுக்கு ஒரு நாற்காலி

1937ஆம் வருஷம் ஃபிஜித் தீவின் பா ஊரில், ராத்து வில்லியாமே உட்கார்ந்து உடையாமல் மிஞ்சிய நாற்காலி ஒன்றுகூட இல்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வதாக இருந்தால் கட்டில்களையும் சேர்த்திருப்பேன்.

ராத்து என்றால் ஃபிஜிக்காரர்களின் குலத்தலைவர். ஆற்றங்கரையில் சந்தைக்குப் பின்னால் கிடந்த நிலம் முழுவதும் அவர் குலத்துக்குச் சொந்தம். அவர் எடை எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு முறை கரும்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தபடியே மில்லின் எடைமேடையைக் கடந்துவிட்டார். இறங்கச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வண்டிக்காரருக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று எழுதிக்கொண்டார்கள்.

வழக்கமாக அவர் ஓலைப்பாயில்தான் உட்காருவார். அதில் தொல்லை இல்லை. ஆனால் ராத்து இருக்கும் இடத்தில் வேறு யார் தலையும் அவர் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. அவர் தரையில் என்றால் எல்லோரும் தரையில். அவரைத் தாண்டிப் போவதானால் குனிந்து, “துலோ, துலோ” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவர் எழுந்திருக்கும் முன்னால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. எங்களுக்கு இதெல்லாம் சிறு வயதிலிருந்தே பழக்கம். தொல்லை, முழங்கால் மடங்காத ஒரு வெள்ளைக்கார துரை ரூபத்தில் வந்தது.

ஹனீஃப் அண்ணனுக்கு ஒரே ஒரு பஸ். ஹ்யூபர்ட்டாகிய நான் அதன் டிரைவர். லாரிச் சட்டத்தின் மேல் மரக்கூடு கட்டி உள்ளே பெஞ்சுகள் போட்ட வண்டி. பக்கமெல்லாம் திறப்பு, மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவோம். கையில் இருந்த கரும்பு நிலத்தை விட்டுக்கொடுத்துத்தான் அண்ணன் அதை வாங்கினார். பாவிலிருந்து தாவுவா வழியாக, ராக்கிராக்கிப் பக்கத்தில் இருக்கும் பினாங்கு சர்க்கரை மில் வரைக்கும் ஓட்டினோம். அந்த வருஷம் ஒரு புது உத்தரவு வந்தது. ஒரு பாதைக்கு ஒருவருக்குத்தான் லைசன்ஸ். மாதக் கடைசிக்குள் லைசன்ஸ் வாங்காத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. கிடைக்காவிட்டால் அண்ணன் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டப் போக வேண்டும். நான் அவருக்கு அடுத்த வரிசையில் வெட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த என்னிடம் அண்ணன் ஒரு கடிதத்தை நீட்டினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் அவருடைய இங்கிலீஷ் கடிதங்களைப் படிப்பது என் வேலை. லைசன்ஸ் கொடுக்கும் துரை எழுதியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். கம்பெனிக்கு ஒரு ஆபீஸ் இருக்க வேண்டும். வருகிறவர்கள் உட்கார்ந்து எழுதத் தகுந்த சாமான்கள் அதில் இருக்க வேண்டும். ஆபீஸ் நிற்கும் நிலத்துக்குத் தலைவரானவர் அங்கேயே என் முன்னால் சம்மதம் சொல்ல வேண்டும். மற்றவை நேரில்.

‘மற்றவை நேரில்’ என்பதை நான் வேகமாகப் படித்துவிட்டேன். பிறகு அதற்காக வருந்தினேன்.

“ஆபீஸ் இருக்கு. சாமான்தான் இல்ல,” என்றார் அண்ணன். ஆபீஸ் என்பது ராத்துவின் நிலத்தில் நாங்கள் போட்டிருந்த பத்தடிக்கு எட்டடித் தகரக் கொட்டகை. அதுவரை அதில் இருந்தவை ஒரு டயரும் ஒரு கோழியும்.

அண்ணனின் மனைவி கைருன்னிசா அண்ணி கதவருகே நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “தொர தரையில உக்காருவாரா தம்பி?”

“முடியாது அண்ணி. சண்டையில வலது முட்டியில குண்டு பட்டுருக்கு. நீட்டுன கால் நீட்டுனபடிதான்.”

“அப்ப அவருக்கு நாற்காலி. அவரு நாற்காலியில இருந்தா ராத்துவப் பாயில உக்கார வைக்க முடியாது.”

“ராத்துவுக்கும் நாற்காலி,” என்றேன்.

அண்ணியின் முறம் பாதியில் நின்றது. கோழிகூடக் கொத்துவதை நிறுத்தியது. ஏனென்றால் மூன்று பேருக்கும் அப்பல்சாமியின் ஆபீஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பல்சாமி அதே பாதைக்கு எங்களுக்கு முந்தியே மனுப் போட்டவர். தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் ஒரு சுழல் நாற்காலி வரவழைத்தார். ராத்து அதில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரே ஒரு தடவை மெதுவாகச் சுற்றி, அறையில் இருந்த எல்லோரையும் அவருக்குக் காட்டியது. பிறகு அதுவும் தரையில் உட்கார்ந்துவிட்டது. அதற்குக்கூட மன்னிப்பு இருந்திருக்கும். அப்பல்சாமியின் கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டான். ராத்து எழுந்து போனார். அதன் பிறகு எட்டு மாதமாக அப்பல்சாமியிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதமும் இல்லை, லைசன்ஸும் இல்லை. கணக்குப்பிள்ளை அடுத்த படகில் லம்பாசாவுக்குப் போனவன்தான். இன்னும் திரும்பி வரவில்லை.

எங்கள் நாற்காலியும் உடைந்தால் அப்பல்சாமி மறுபடி முயன்று பார்ப்பார். அது அவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை தச்சர் பல்ராமிடம் போனோம். அவர் புதிதாக ஒரு நாற்காலி செய்து வைத்திருந்தார். நான்கு சர்க்கரை மூட்டைகளை அதன் மேல் அடுக்கினோம். அசையவில்லை. பல்ராம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மூட்டை சிரிக்காது,” என்றேன்.

“என்னய்யா சொல்ற?”

“ராத்து சிரிச்சா பின்னால சாஞ்சு குலுங்குவார். அதையும் பாத்துடணும்.”

பல்ராமுக்கு ரோசம் வந்துவிட்டது. மூட்டைகளின் உச்சியில் ஏறி, “இப்படியா? இப்படியா?” என்று குலுங்கினார். மூன்றாவது ‘இப்படியா’வில் பின்கால் இரண்டும் போயின. மூட்டைகளுக்கு அடியிலிருந்து அவரை வெளியே எடுத்தபோது, “இந்த மாதிரி ஆட்டுனா தேர்கூட நிக்காது,” என்றார். அதை நாங்கள் மறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெத்தடிஸ்ட் சபை உபதேசியார் ஹெர்பர்ட்டிடம் போனோம். கோயில் பெஞ்சு கேட்டால் கொடுக்கக்கூடியவர். பெஞ்சு கல் மாதிரி இருந்தது. நீளம் பதினோரு அடி.

“எங்க ஆபீஸ் பத்தடிதான் உபதேசியாரே.”

“ஒரு அடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டுமே.”

“தொர பாதி வெளிய உக்காந்தா லைசன்ஸும் பாதிதான் கொடுப்பாரு.”

“அறுக்க விடமாட்டேன் ஹ்யூபர்ட். நீ கத்தோலிக்கன். உனக்கு எங்க பெஞ்சுன்னா ரம்பந்தான் ஞாபகம் வரும்.”

தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இருந்தது. ஆனால் சிறு பிள்ளைகள் உட்காருவது. அதில் ராத்து உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். ஒரு குலத்தலைவரை அந்த நிலையில் யாரும் பார்க்கக் கூடாது.

திரும்பும் வழியில் சந்தை முனையில் அப்பல்சாமி நின்றிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, “என்ன ஹனீஃப் பாய், நாற்காலி கெடச்சுதா?” என்றார்.

“தேடுறோம்.”

“எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நாலு துண்டா இருக்கு. நீங்க கேட்டா ஆணி அடிச்சுத் தாரேன்.”

அண்ணன் விடுவிடுவென்று நடந்தார். அன்று இரவு அவர் சோற்றைத் தொடவில்லை என்று அண்ணி சொன்னார். புதன்கிழமை காலையில் அண்ணன் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, பழைய கரும்புக் கத்தியை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கத்தியை அவர் தீட்ட ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. அண்ணிக்கு வந்தது என்று அண்ணி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லாததால் எனக்கு என்றே வைத்துக்கொள்வோம்.

“ராத்து சனிக்கிழமையானா எதுல வர்றார்?”

“நம்ம பஸ்ல.”

“எங்க உக்காருறார்?”

“மூணாவது பெஞ்சு, இடது ஓரம்.”

“எத்தனை வருஷமா?”

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷமாக, மேடு பள்ளம் எல்லாவற்றிலும், ராத்துவைத் தாங்கிய பெஞ்சு அது. படகு கட்டும் ‘வெசி’ என்ற மரம். இரும்பை அறுத்தாலும் அறுக்கலாம், அதை அறுக்க முடியாது. அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

“பஸ்ஸப் போன மாசமே தொர பாத்துட்டாரே?”

“பிரேக்கெல்லாம் பாத்து எழுதிக்கிட்டுப் போயிட்டாரு,” என்றேன். அதுவும் உண்மைதான்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்பேனரோடு போய் எட்டு போல்ட்டுகளைக் கழற்றினோம். பெஞ்சைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, அண்ணியின் தையல் மெஷின் மேசையை அதன் முன்னால் போட்டோம். மேசை மேல் மசிக்கூடு. அண்ணி உட்கார மூலையில் ஒரு சேலைத் திரை. பார்ப்பதற்கு ஆபீஸ் மாதிரியே இருந்தது. பஸ்ஸை ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் நிறுத்தி, தார்ப்பாயை இறக்கிவிட்டேன். கோழியையும் அதில் ஏற்றிவிட்டேன்.

ஒன்பதரைக்கு ராத்து எட்டு ஆட்களோடு வந்தார். பத்துக்குத் துரை காரில் வந்தார். எதிர்ச்சாரியில் ஒரு கடை வாசலில் அப்பல்சாமி நின்றிருந்தார். அவர் கையில் ஒரு குடை இருந்தது. வானத்தில் மேகமே இல்லை.

ராத்து வாசலில் குனிந்து உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்த்தார். அதைச் சுற்றி வந்தார். முனையில் தேய்ந்து வழுவழுப்பாக இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். அண்ணன் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு மாதாவை வேண்டினேன். திரைக்குப் பின்னால் அண்ணியின் வளையல் சத்தம் நின்றுபோனது.

ராத்து இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

பெஞ்சு முனகவில்லை. அவர் பின்னால் சாய்ந்து பார்த்தார். அசைந்து பார்த்தார். அப்புறம் தனக்குப் பக்கத்து இடத்தைத் துரைக்குக் காட்டினார். துரை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தலையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ராத்துவினுடையது நான்கு விரல் கூடவே. நாங்கள் எல்லோரும் தரையில். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி, பஸ் கிளம்பக் காத்திருப்பவர்கள் போல் உட்கார்ந்திருந்தார்கள்.

மரக்கிண்ணத்தில் நங்கோனா கரைத்தார்கள். அது ஒரு வேரை இடித்துக் கரைக்கும் பானம். அது இல்லாமல் இங்கே எந்தப் பேச்சும் பேச்சாகாது. ராத்து கொட்டாங்கச்சியை வாங்கிக் குடித்தார். எல்லோரும் கையைக் குழித்து மூன்று முறை தட்டினோம். துரை குடித்தார். தட்டினோம். ராத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்த ஹனீஃப் என் நிலத்துல பஸ் நிறுத்தட்டும்,” என்றார், நாங்கள் எல்லோரும் பேசும் இந்துஸ்தானியில். “எனக்குச் சம்மதம்.”

நான் இங்கிலீஷில் சொன்னேன். துரை எழுதிக்கொண்டார். அண்ணன் கண்ணைத் திறந்தார். நான்கு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் இரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

துரை பேனாவை மூடவில்லை. “நல்லது. இனி ஒன்றே ஒன்று பாக்கி. பஸ்ஸில் ஆறு பெஞ்சு, இருபத்துநாலு இருக்கை என்று மனுவில் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். பஸ் எங்கே?”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தே ஏதோ கோளாறு என்று தெரிந்துகொண்டார்.

“என்னடா சொல்றாரு?”

“பெஞ்ச எண்ணணுமாம்.”

“எத்தன இருக்கணும்?”

“ஆறு.”

அண்ணன் ராத்து உட்கார்ந்திருந்த ஆறாவதைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காதவர் போலக் கிண்ணத்தை இழுத்து இன்னொரு தடவை கரைக்க ஆரம்பித்தார். நங்கோனா நீட்டினால் மறுப்பது மரியாதை இல்லை. ராத்து எழாமல் துரை எழ முடியாது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. துரை கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் நான்காவதைக் கரைத்தார். ஐந்தாவது சுற்றுக்கு வேர்த்தூள் இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் மெதுவாக வந்தது. “தண்ணியக் காட்டி எத்தன நேரம் உக்கார வைப்பீங்க? ராத்துகிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா கோவிச்சுக்குவாரு அண்ணி. குலத்தலைவருக்கு நாற்காலி போடாம பஸ் பெஞ்சக் கழட்டிப் போட்டோம்னு...”

“சொல்லாம அவருக்கே தெரியுமே. தடவிப் பாத்தாரே, நீ பாக்கல?”

நான் குனிந்து, “துலோ, துலோ” என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்து ராத்துவின் காலருகே போனேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பல்சாமியின் குடை வாசலுக்கு ஐந்தாறு அடி நெருங்கி வந்திருந்தது. ராத்து பெஞ்சு முனையை இன்னொரு முறை தடவினார்.

“சனிக்கிழமை நான் எதுல உக்காருறது?” என்றார்.

“திருப்பி மாட்டிடுவோம் ராத்து.”

“இப்பவே மாட்டு.”

“நீங்க எழுந்திரிச்சாத்தானே...”

“நான் நங்கோனா குடிச்சிருக்கேன். எழுந்திரிக்க மாட்டேன்.” தன் ஆட்களைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். எட்டுப் பேரும் எழுந்தார்கள். பெஞ்சின் நான்கு முனையிலும் தோள் கொடுத்தார்கள்.

துரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ராத்து எழுவதற்கு முன் எழக் கூடாது என்ற மரியாதை தெரிந்தவர் அவர். தவிர, அந்த முட்டியோடு அவசரமாக எழவும் முடியாது. பெஞ்சு மேலே போனது. இரண்டு பேரும் மேலே போனார்கள். துரை ஒரு கையில் தொப்பியையும் ஒரு கையில் லைசன்ஸ் தாளையும் பிடித்துக்கொண்டார். காலையில் சரித்து உள்ளே கொண்டுவந்த பெஞ்சு, ஆள் உட்கார்ந்தபடி வாசலில் நுழையவில்லை. அண்ணன் ஓடிப்போய்த் தகரச் சுவரை ஒரே உதையில் தள்ளினார். முன்பக்கம் முழுவதும் அப்படியே சாய்ந்தது. அதன் மேல் நடந்து போனார்கள்.

ஈரப்பலா மரத்தடியில் நான் தார்ப்பாயைத் தூக்கினேன். கோழி அலறிக்கொண்டு இறங்கியது. பெஞ்சைப் பக்கவாட்டில் ஏற்றி, இருந்த இடத்திலேயே இறக்கினார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் படுத்து எட்டு போல்ட்டுகளையும் முடுக்கினேன். துரையின் விறைத்த கால் என் காதின் மேல் இருந்தது.

மேலே துரை எண்ணுவது கேட்டது. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, தான் உட்கார்ந்திருப்பது ஒன்று. “இருபத்துநாலு. சரியாக இருக்கிறது.” நான் தலையை வெளியே நீட்டினேன். துரை கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்சுவர் இல்லை. உள்ளே ஒரு தையல் மேசை, ஒரு டயர். உட்கார ஒன்றுமில்லை.

“மிஸ்டர் ஹனீஃப், பஸ்ஸில் இருக்கைகள் இருக்கின்றன. இப்போது உம்முடைய ஆபீஸில் ஒன்றுமே இல்லை. உட்கார இடம் இல்லாத ஆபீஸுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது.”

நான் தமிழில் சொன்னேன். எதிரே அப்பல்சாமி குடையை விரித்தார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் பஸ்ஸின் படியருகே நின்றார். வியர்வை தாடியில் சொட்டியது. கொட்டகையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஆபீஸ் வேண்டுமென்றால் பஸ் இல்லை, பஸ் வேண்டுமென்றால் ஆபீஸ் இல்லை. பிறகு ஒரு கையால் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக என் உதவி இல்லாமல் இங்கிலீஷ் பேசினார்.

“சார், ஆபீஸ் திஸ்.”

“எது?”

“திஸ் பஸ் ஆபீஸ். யூ சிட் ஆபீஸ். ராத்து சிட் ஆபீஸ். ராத்து சே எஸ், ஆபீஸ்.”

துரை அவரைப் பார்த்தார். பக்கத்தில் ராத்துவைப் பார்த்தார். ராத்து கையைக் குழித்து மூன்று முறை தட்டி, “பஸ் நிக்கிற இடம் என் நிலம். சம்மதம்,” என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. துரை முன்பெஞ்சின் முதுகில் தாளை விரித்து, நெடுநேரம் பேனாவை வைத்தபடியே யோசித்தார். கடைசியில் ஆபீஸ் விலாசம் என்ற இடத்தில் எங்கள் பஸ்ஸின் நம்பரை எழுதி, ‘மூன்றாவது பெஞ்சு’ என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். படிக்கத் தெரியாதவர், அதை நான்கு தடவை பார்த்தார். பிறகு ஓட்டும் சீட்டைக் காட்டி, “ஏறுடா ஹ்யூபர்ட். பினாங்கு போகணும். நேரமாச்சு,” என்றார். நான் கரியெண்ணெய்க் கையோடு ஏறினேன். துரையும் ராத்துவும் இறங்கவில்லை. தாவுவா வரைக்கும் வந்தார்கள்.

அந்த லைசன்ஸில் பதினோரு வருஷம் ஓட்டினோம். ஆபீஸில் வந்து புகார் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் புகார் கொடுக்க விரும்புகிறவர்கள் ரோட்டில் நின்று கையைக் காட்டி ஆபீஸை நிறுத்துவார்கள். ஏறி, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, எங்களைப் பற்றி எங்களிடமே வாய் நிறையத் திட்டுவார்கள். நாங்களும் பொறுமையாகக் கேட்போம். திட்டி முடித்தவர்களிடம் இறங்கும்போது டிக்கெட் கேட்பேன்.